விடுமுறைப் பயணத்தில் டே ராக் ஏரிக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் அண்மையில் வந்த விடுமுறைச் சுற்றுலாப் பக்கத்தைப் படித்தேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் காரில் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவதற்கு ஏற்ற ஊர்களை, வழியில் பெட்ரோல் எங்கே போடலாம் என்பது வரை அக்கறையாகத் தொகுத்திருந்தீர்கள். ஆனால் இந்த மண்ணின் பூர்வகுடி மக்களுடைய இடம் ஒன்றுகூட அதில் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம்மவர்கள் பெரும்பாலும் கடலோர ட்வெல்வ் அப்பாஸ்டல்ஸ் பாறைகளைப் பார்த்ததும் காரைத் திருப்பிவிடுகிறார்கள். அங்கிருந்து மேற்கே இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் குண்டிச்மாரா என்ற பூர்வகுடி மக்களின் பட்ஜ் பிம் வந்துவிடும். டே ராக் ஏரி அங்கேதான் இருக்கிறது. 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. பூர்வகுடிப் பண்பாட்டுச் சிறப்பு ஒன்றுக்காகவே அந்தப் பட்டியலில் ஏறிய முதல் ஆஸ்திரேலிய இடமும் அதுதான். மெல்பர்னில் பல வருடமாக இருக்கும் நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன், பெயரே புதிதாக இருக்கிறது என்கிறார்கள்.

ஈஸ்டர் விடுமுறையில் பிள்ளைகளோடு போய்வந்தோம். எரிமலை கக்கிய குழம்பு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓடி உறைந்த நிலம். எங்கே பார்த்தாலும் கரடுமுரடான கறுப்புக் கல், இடையிடையே சதுப்பு. வழிகாட்டியாக வந்த குண்டிச்மாரா இளம்பெண் ஒரு பள்ளத்தின் ஓரமாக நிற்கச் சொல்லும்வரை எனக்கு அது வெறும் பள்ளமாகத்தான் தெரிந்தது. அவர் கையைக் காட்டக் காட்டத்தான் இருபுறமும் கல் அடுக்கியிருப்பது கண்ணில் பட்டது. மழைக்காலத்தில் டே ராக் ஏரி பெருகும்போது தண்ணீரோடு விலாங்கு மீன்கள் இந்தக் கால்வாய்களில் ஏறி, பக்கத்துக் குட்டைகளில் தங்கிவிடும். அங்கேயே உயிரோடு வளரவிட்டு, வேண்டும்போது பிடிப்பார்கள். கல் தடுப்பில் ஓர் ஆள் நுழையாத அளவுக்குச் சின்னத் திறப்பு. அதில் புல்லால் பின்னிய நீளக் கூடையை வைப்பார்களாம். வாய்ப்பக்கம் அகலம், போகப்போகக் குறுகி, வால்பக்கம் ஒரு மீன் தலையை நீட்டும் அளவுதான் இருக்கும். என் மகள் அந்தக் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்து, அடுத்த முனையில் விரலை ஆட்டினாள்.

ஒரு கால்வாயின் அடிமண்ணில் கிடைத்த கரித்துண்டுகளை ஆய்வு செய்து, அது 6,600 ஆண்டு பழமையானது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏரியும் கலிங்கும் மதகுமாக வாழ்ந்த ஊர்க்காரர்கள் நாம். தண்ணீரின் ஏற்ற இறக்கம் பார்த்து ஒரு கல்லை இங்கே வை, அங்கே எடு என்று தீர்மானிப்பதற்கு எத்தனை தலைமுறை அறிவு வேண்டும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த நாட்டுப் பூர்வகுடிகள் எதையும் கட்டாமல் அலைந்து திரிந்தவர்கள் என்று நம் வீடுகளிலேயே சர்வசாதாரணமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்பவர்களை அந்தக் கால்வாய் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

இன்னொன்றும் அங்கே தெரிந்துகொண்டேன். குடியேறியவர்கள் மேய்ச்சல் நிலத்துக்காக அந்த ஏரியின் தண்ணீரை வடித்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பூர்வகுடிகளைக் குடிவைத்திருந்த கிறித்தவ மிஷன் நிலத்தைக் கூறுபோட்டு, போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். அதே போரில் சண்டையிட்டுத் திரும்பிய குண்டிச்மாரா சிப்பாய்களுக்கு அதில் பங்கு இல்லை. ஆஸ்திரேலிய ராணுவத்தில் அதிகாரியான முதல் பூர்வகுடி வீரர் ரெக் சாண்டர்ஸ் வளர்ந்த மண் அது! 1987-ல் நிலத்தின் ஒரு பகுதி குண்டிச்மாரா மக்களுக்குத் திரும்பி வந்தது. 2007-ல் நீதிமன்றம் நிலத்தின் மீது அவர்களுக்குள்ள பூர்வ உரிமையை ஏற்றது. 2010-ல் புதிய தடுப்பணை கட்டி ஏரியில் மறுபடி தண்ணீரைத் தேக்கினார்கள். இன்று கரையில் அவர்களே நடத்தும் மையமும் சிற்றுண்டிச்சாலையும் இருக்கின்றன. விலாங்கு சாப்பிடாத என் மாமியார் தேநீரோடு சிற்றுண்டிச்சாலை ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

பட்ஜ் பிம்முக்குப் போகும் முன்பு காரிவெர்ட்டில் தங்கினோம். கிராம்பியன்ஸ் மலைத்தொடர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஸ்டாவெல் ஊர்ப் பக்கத்தில் பன்ஜில் பாறை ஓவியத்தைப் பார்த்தோம். தங்கள் நிலத்தையும் மக்களையும் படைத்தவராக அங்குள்ள பூர்வகுடிகள் போற்றும் பன்ஜில், இரண்டு டிங்கோ நாய்களோடு அதில் இருக்கிறார். வடக்கே குல்கர்ன் மஞ்சா பாறைக்குடைவு வாகன நிறுத்தத்திலிருந்து சின்ன நடைதான். செங்காவியில் பதித்த கைத்தடங்கள் அங்கே இருக்கின்றன, பலவும் சிறுவர்களுடையவை.

அங்கே பார்த்த ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. பாறைக்கு முன்னால் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். தமிழ் பேசும் ஒரு குடும்பம், குழந்தையின் கையை வலைக்குள் முடிந்தவரை நுழைக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "வேண்டாங்க, தொட்டா அழிஞ்சிடும்" என்று போய்ச் சொன்னேன். அப்பா முகம் சுளித்தார். அம்மா கையை எடுக்கச் சொல்லிவிட்டார். வலை ஏன் அங்கே வந்தது என்று நாம் யோசிக்க வேண்டாமா? வந்தவர்கள் பெயரைக் கீறியதாலும் தொட்டுத் தேய்த்ததாலும்தான் இப்படிப்பட்ட இடங்களுக்கெல்லாம் வலை போட நேர்ந்தது. பூர்வகுடிச் சின்னங்களைச் சேதப்படுத்துவது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த மாநிலத்தில் குற்றம். கோயில் கருவறைக்கு முன் நிற்கும்போது பிள்ளைகளுக்கு நாம் சொல்வதை இங்கேயும் சொன்னால் போதும்.

கூடாரம் பற்றியும் கொஞ்சம். ஏப்ரலிலேயே இரவில் குளிர் எலும்பைத் தொடுகிறது, கம்பளி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் கையோடு இருக்கட்டும். இருட்டும் நேரத்தில் கங்காருக்கள் சாலையில் குதிக்கும், அதற்குள் முகாமுக்குப் போய்ச் சேருங்கள். முழுத் தீத்தடை நாட்களில் விறகு அடுப்புக் கூடவே கூடாது. காட்டுத்தீயால் சில பாதைகள் மூடியிருக்கலாம், கிளம்பும் முன் மாநிலப் பூங்காக்களைக் கவனிக்கும் பார்க்ஸ் விக்டோரியாவின் இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள். முகாம் இடத்தையும் பட்ஜ் பிம் வழிகாட்டிச் சுற்றுலாவையும் முன்பதிவு செய்துவிட்டால் நல்லது. காசு மிச்சம் என்று வழிகாட்டி இல்லாமல் மட்டும் போகாதீர்கள். நாங்கள் தனியாகப் போயிருந்தால் கல்லையும் சேற்றையும் பார்த்துவிட்டு வந்திருப்போம். நாம் கொடுக்கும் கட்டணமும் அந்த மக்களுக்கே போகிறது.

தங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. டிசம்பர் விடுமுறைக்கு முன் இந்த இடங்களையும் சேர்த்து ஒரு பக்கம் வெளியிடுங்கள். குண்டிச்மாரா வழிகாட்டி ஒருவரைப் பேட்டி கண்டு போட்டால் இன்னும் சிறப்பு. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் ஆண்டுச் சுற்றுலாவுக்கு டே ராக்கை யோசிக்கலாம். எங்கள் பள்ளிப் பெற்றோர் குழுவில் நான் ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டேன், பேருந்துச் செலவு மட்டும்தான் இன்னும் இழுபறியாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கிளேட்டன், மெல்பர்ன்