1972 காருக்கு ஸ்கேன் ரிப்போர்ட் கேட்ட கம்பெனிக்கு

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்
பொருள்: ரீபில்ட் செய்த ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் 19 நாளில் மறுபடி பழுது, வாரண்டி மறுப்பு

ஐயா/அம்மா,

இது நான் எழுதும் நாலாவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. கார் ஓடவில்லை என்றுதான் சொன்னேன்.

வண்டி 1972 செவர்லே நோவா, கியர்பாக்ஸ் டர்போ ஹைட்ராமேட்டிக் 350. பாகம் சுலபமாகக் கிடைக்கும், சிக்கன பேக்கேஜே போதும் என்று சொன்னது உங்கள் ஆள். சீல், கேஸ்கெட், கிளட்ச் பிளேட் எல்லாம் புதுசு. டிரம் (கிளட்ச் பிளேட்டுகள் உட்காரும் கூடு), ஆயில் பம்ப் தேய்ந்திருந்தால் தனிக் காசு. சரி, நியாயம்தான். பிரித்ததும் டிரம் போய்விட்டது என்று போன் வந்தது, அதற்கும் கட்டினேன். அந்தப் பழைய டிரம்மைக் கண்ணில் காட்டுங்கள் என்றதற்கு இன்றுவரை பதில் இல்லை.

19 நாள் ஓடியது. அப்புறம் மூன்றாவது கியரில் மிதித்தால் இன்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி வேகம் எடுப்பதில்லை. ரிவர்ஸும் வழுக்குகிறது. இரண்டுக்கும் அதே டைரக்ட் கிளட்ச்தான் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் ஆட்கள் இதை இரண்டு புகாராகப் பதிந்து இரண்டு பரிசோதனைக் கட்டணம் கேட்கிறார்கள்!

இப்போது அந்தப் போன் ஆசாமி. பெயர் கேட்டேன், சொல்லவில்லை. "ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்புங்க, எரர் கோட் இல்லாம வாரண்டி பார்க்க முடியாது" என்றார். இந்தக் காரில் கம்ப்யூட்டரே கிடையாது, ஸ்கேனரைச் சொருக ஒரு ஓட்டைகூட இல்லை என்றேன். "அப்போ அது உங்க கார் பிரச்னை சார்" என்று போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் அவரேதான் எடுத்தார். வண்டியை ஓட்டி வர முடியாது என்றதும், "கயிறு கட்டி இழுத்துட்டு வாங்க, எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க" என்கிறார். இன்ஜின் ஓடாவிட்டால் பம்ப் சுற்றாது, உள்ளே ஆயில் போகாது. பின்சக்கரம் உருள இழுத்து வந்தால் மிச்சமிருப்பதும் தீய்ந்துபோகும். கியர்பாக்ஸ் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர் சொல்கிற யோசனையா இது? இழுத்து வந்திருந்தால் அதையே காரணம் காட்டி வாரண்டி செல்லாது என்றிருப்பீர்கள்.

அதனால் லாரி பிடித்து வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு வந்தேன். நாலு மணி நேரம் உங்கள் கேட்டுக்கு வெளியே. கடைசியில் "லிஸ்ட்ல உங்க பேர் இல்லையே" என்றார்கள். இறக்காமலே திரும்பினேன். லாரிக்காரர்கூட என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், இதற்கெல்லாம் முன்னால் நடந்தது. வண்டி வந்த முதல் வாரமே ஒன்றிலிருந்து இரண்டாவது கியர் தாமதமாக, உதைத்துக்கொண்டு விழுந்தது. சைலன்சரில் வெள்ளைப் புகை. கியர் ஆயில் குறைகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. இன்ஜினின் உறிஞ்சலைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் வாக்குவம் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில்! அந்தக் குழாய் வந்து சேரும், கியர் எப்போது மாற வேண்டும் என்பதைச் சரிசெய்யும் மாடுலேட்டரின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் ஜவ்வு) கிழிந்து, ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடித்திருக்கிறது. ஒற்றை போல்ட்டில் நிற்கிற பாகம் அது. பழசையே மாட்டிவிட்டு, பில்லில் "புதிது" என்று எழுதியிருக்கிறீர்கள். நானே வாங்கி மாற்றினேன். ஆயில் குறைந்ததால் கிளட்ச் தீய்ந்தது, அது என் தவறு என்று உங்கள் மறுப்புக் கடிதம் சொல்கிறது. அந்த ஆயிலைக் குடிக்க வைத்தது யார் மாட்டிய பாகம்?

இந்த மூன்று மாதத்தில் என் சேமிப்பு, தூக்கம், பக்கத்து வீட்டாரோடு இருந்த பேச்சுவார்த்தை எல்லாம் போயிற்று. வண்டி அவர்கள் வாசலை அடைத்து நிற்கிறது. என் வாழ்க்கையே நியூட்ரலில் நிற்கிறது.

உங்கள் மெக்கானிக்குகள் மீது எனக்குக் கோபம் இல்லை. நல்ல வேலைக்காரர்கள் இருப்பார்கள் என்று இன்னும் நம்புகிறேன், தயவுசெய்து உதவுங்கள். ஆனால் 10 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பில், கழற்றிய மாடுலேட்டர், போன் பதிவு எல்லாவற்றோடும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். சும்மா மிரட்டவில்லை.

எனக்கு வேண்டியது: கட்டணமில்லாமல் கியர்பாக்ஸைத் திரும்பப் பிரித்துச் சரிசெய்வது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரையும் மாற்றுங்கள், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் குழாய்களைக் கழுவுங்கள். தீய்ந்த துகள் அங்கேதான் தங்கும். லாரி வாடகை ரசீதை இணைத்திருக்கிறேன். அந்தப் போன் ஆசாமியை மட்டும் என்னோடு பேச விடாதீர்கள்.

இப்படிக்கு,
பில் எண்ணை மனப்பாடமே செய்துவிட்ட வாடிக்கையாளர்