என்னை நிமிரவைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்த மடலை மூன்று தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன். யாருடைய பெயரை முதலில் போடுவது, யாரை விட்டுவிடுவேனோ என்ற பயம். கடைசியில் என் எரிந்த கழுத்துக்குச் சத்திரசிகிச்சை செய்த டொக்டரிடமே கேட்டேன். "பெயர் ஒன்றும் போடாதேங்கோ தங்கச்சி, என்ன நடந்தது என்று எழுதுங்கோ, அது வேறு ஆட்களுக்கு உதவும்" என்றார். அதனால் இதில் உங்கள் பெயர்கள் இல்லை. ஆனால் வாசிக்கும்போது உங்களை உங்களுக்குத் தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கோண்டாவிலில் தையல் தைக்கிறேன். 1995 ஆவணியில் எனக்கு எட்டு வயது. யுத்தமும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. என் வயதுப் பிள்ளைகளுக்கு லைற் என்றால் என்னவென்றே தெரியாது. மருந்துப் போத்தல் மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்ட குப்பி விளக்குத்தான் எங்கள் வெளிச்சம். பாயில் படுத்திருந்து வாய்ப்பாடு பாடமாக்கிக்கொண்டிருந்தேன். கை தட்டி விளக்குச் சரிந்தது. மண்ணெண்ணெய் சட்டையில் ஊறியது, திரியின் நெருப்பும் கூடவே வந்தது. நாடியின் கீழிருந்து நெஞ்சின் மேற்பாதி வரை வெந்துபோனது.

உயிர் தப்பிவிட்டேன். ஆனால் புண் ஆற முதலே ஐப்பசி (ஒக்டோபர்) 30 வந்துவிட்டது. சண்டை நெருங்கிவர, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்து தெருவில் இறங்கிய அந்த இரவு. மழையில், நாவற்குழிப் பாலம் தாண்டும் சனத்துக்குள், அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அங்கே மருந்து கட்ட ஆள் கிடைத்ததே பெரிய விசயம். கழுத்துக்குப் பட்டி போட வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்ல ஆள் இல்லை. தலையை நிமிர்த்தினால் உயிர் போகும் வலி. அதனால் அம்மா ஒரு தலையணையை எப்போதும் என் பிடரிக்குக் கீழே வைத்துவிடுவார். தலை முன்னால் குனிந்தால் நோகாது, நான் நித்திரை கொள்வேன்.

இருபத்தேழு வருடம் கழித்துத்தான் எங்களுக்கு விளங்கியது, அந்தத் தலையணைதான் என் கழுத்தை இழுத்துக் கட்டியது என்று. எரிந்த இடத்தில் புதிதாக வரும் தோல் சுருங்கிக்கொண்டே போகுமாம். நோகாத நிலை எதுவோ, அந்த நிலையிலேயே அது இறுகிவிடுமாம். வைத்தியர்கள் இதைத் தழும்புச் சுருக்கம் என்கிறார்கள். என் நாடி நெஞ்சோடு ஒட்டியது. கீழ்ச்சொண்டு கீழே இழுபட்டு எப்போதும் வாய் திறந்தபடி இருந்தது, எச்சில் வழியும். வளரும் வயதில் அந்த இழுவை இருந்ததால் கீழ்த்தாடைப் பற்களும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தன. வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நாரியை வளைத்து முழு உடம்பையும் பின்னால் சாய்க்க வேண்டும். தையலைத் தெரிந்தெடுத்ததே அதனால்தான். குனிந்த தலைக்கு ஏற்ற தொழில் அது ஒன்றுதான் என்று அம்மம்மா சொன்னார். அவர் சொன்னது சரி, அந்தத் தொழில்தான் எனக்குச் சோறு போட்டது.

ஒன்றும் செய்யாமல் இருந்தோம் என்றில்லை. என் பத்தொன்பதாவது வயதில் ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இனி ஒன்றும் செய்ய ஏலாது, பழகிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நாங்கள் அதை நம்பிப் பதினாறு வருடம் வீட்டில் இருந்துவிட்டோம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு இடத்தில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் முதல் நன்றி ஒரு சின்னப் பிள்ளைக்கு. 2022 பங்குனியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்கூடக் கரண்ட் வெட்டினார்களே, அந்த நேரம். இருட்டில் பக்கத்து வீட்டுப் பெடியன் சுடுதண்ணிக் கேத்தலைக் கையில் கவிழ்த்துவிட்டான். தாய் பதறிப்போய் நின்றார், நான்தான் ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் கையைப் பார்க்க வந்த டொக்டர், மருந்து கட்டச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இது எத்தனை வயதில் நடந்தது? ஏன் இவ்வளவு காலமும் வரவில்லை?" அவ்வளவுதான் கேட்டார். என் கழுத்தைப் பற்றி அந்நியர் ஒருவர் கண்ணைத் திருப்பாமல் நேரே கேட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. பதில் சொல்ல வாய் வரவில்லை, அழுதுவிட்டேன். பெடியனின் கை ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. அவன் அன்றைக்குக் கேத்தலைத் தட்டாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் குனிந்தபடிதான்.

டொக்டர் ஐயா, கிளினிக்கில் நீங்கள் எனக்கு விளங்கப்படுத்திய விதத்தை மறக்க மாட்டேன். தையல்காரி என்று தெரிந்ததும் மேசையில் இருந்த துணித் துண்டை எடுத்தீர்கள். "இறுகின பட்டியை அப்படியே வெட்டித் தைத்தால் திரும்பவும் அதே கோட்டில் இறுகும். அதனால் கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு முக்கோணம் வெட்டி, ஒன்றின் இடத்தில் மற்றதை மாற்றி வைப்போம். அகலத்தில் இருக்கிற தோலை நீளத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்றீர்கள். வீட்டுக்கு வந்து 60 பாகையில் முக்கோணம் வெட்டித் தைத்துப் பார்த்தேன். நான்கு அங்குலக் கோடு ஏழு அங்குலத்துக்குக் கிட்ட வந்தது. கணக்குப்படி முக்கால் பங்கு கூடும் என்று நீங்கள் சொன்னது துணியில் சரியாகவே வந்தது. தோல் துணியைப் போல இழுபட்டுக் கொடுக்காது, உயிருள்ள தோலில் கொஞ்சம் குறையும் என்றும் சொன்னீர்கள். பிளவுஸ் கக்கத்துக்குப் பட்டம் வைத்துத் தைக்கிற எனக்கு அன்றைக்கு இரவு பயம் பாதி போய்விட்டது. என்னை என்ன செய்யப் போகிறார்கள் என்று விளங்கினால் மனம் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பதை வைத்தியர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் என் கழுத்துக்கு முக்கோணம் மட்டும் போதாது. முதலில் இறுகின தழும்பை வெட்டி விடுவித்து, அந்த வெளிக்குப் புதுத் தோல் வைக்க வேண்டியிருந்தது. முதல் ஒப்பரேசன் 2023 மாசியில். வெட்டி விட்டதும் கழுத்து விரிந்தபோது என் இரண்டு உள்ளங்கை அளவு இடம் வெறுமையாக இருந்ததாம். தொடையிலிருந்து ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பில் தோல் சீவி எடுத்து வைத்தார்கள். வலை போலக் கண் போட்டு விரித்தால் குறைந்த தோலில் கூடிய இடம் மூடலாம், ஆனால் கழுத்தில் அது கூடச் சுருங்கும், பார்வைக்கும் நன்றாக இராது என்று முழுத் துண்டாகவே வைத்தார்கள்.

மயக்க மருந்து டொக்டர் அம்மாவுக்கு ஒரு தனி வணக்கம். எல்லோருக்கும் மயக்கிவிட்டுத் தொண்டையில் குழாய் போடுவார்கள். தலை நிமிராத எனக்கு அப்படிச் செய்ய ஏலாது, மயங்கின பிறகு மூச்சுவழி கிடைக்காமல் போனால் உயிர் ஆபத்து. அதனால் நான் முழித்திருக்கும்போதே, தொண்டையை மரக்கச் செய்து, நுனியில் கமரா உள்ள மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம், மூச்சை இழுங்கோ, நல்ல பிள்ளை" என்று ஒவ்வொரு நிமிடமும் சொன்னீர்கள். என் வயது முப்பத்தைந்து. அந்த இடத்தில் நான் எட்டு வயதுப் பிள்ளைதான், அது உங்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

பிறகு ஐந்து நாள். கதைக்கக் கூடாது, மெல்லக் கூடாது, தலையை அசைக்கக் கூடாது. ஒட்டின தோலுக்கு முதல் ஓரிரு நாள் சொந்த இரத்தம் இல்லை, கீழே கசிகிற நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்குமாம். அதற்குப் பிறகுதான் கீழிருந்து மயிர் போன்ற நாளங்கள் வந்து பொருந்தும். அதற்குள் அசைந்தால் எல்லாம் போச்சு. விடுதியில் இரவுக் கடமை பார்த்த மிஸ்மாரே, எனக்கு ஒரு கொப்பியும் பேனையும் தந்து, நான் எழுதுகிறதை வாசித்து வாசித்துப் பதில் சொன்னீர்கள். அந்தக் கொப்பியை வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் "தொடை எரியுது" என்று ஆறு தடவை எழுதியிருக்கிறது. ஒட்டின கழுத்தைவிடத் தோல் எடுத்த தொடை நோகும் என்று யாரும் நம்ப மாட்டார்கள், பட்டால்தான் தெரியும். ஸ்ட்ரோவில் கஞ்சியும் சூப்பும் தந்து, ஊத்தை துடைத்து, பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன சிற்றூழியர் அக்காமாரும் நீங்களும் எனக்கு ஒன்றுதான். ஐந்தாம் நாள் கட்டு அவிழ்த்தபோது ஒரு மிஸ் "பிடிச்சிட்டுது, முழுக்கப் பிடிச்சிட்டுது" என்று கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு இரத்தம் தந்தவர் யாரென்று தெரியாது. அண்ணா, அக்கா, யாராக இருந்தாலும், அது என் உடம்பில் ஓடுகிறது.

எனக்குச் செலவு என்று ஆனது ஓட்டோக் காசும் சாப்பாட்டுக் காசும்தான். அரசாங்க ஆஸ்பத்திரி. நாட்டில் மருந்துக்கே தட்டுப்பாடாக இருந்த காலத்தில் எனக்கு வேண்டியதை எங்கெங்கோ கேட்டு எடுத்துத் தந்தார்கள்.

ஒப்பரேசன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. ஒட்டின தோலும் சுருங்கப் பார்க்கும். இரவு பகலாகக் கழுத்துப் பட்டி, தலையணை கிடையாது, தோளுக்குக் கீழே துவாய் சுருட்டி வைத்துத் தலை பின்னால் விழப் படுக்க வேண்டும், நாளுக்கு மூன்று தடவை எண்ணெய் பூசி உருவ வேண்டும். இதெல்லாம் ஒரு வருடம். கழுத்துக்குப் பயிற்சி தந்த இயன்மருத்துவர் (பிசியோதெரபி) தம்பி, நீங்கள் என்னைக் கனதடவை ஏசியிருக்கிறீர்கள். வெக்கைக்குப் பட்டியைக் கழற்றிவைத்துவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கே வந்து நின்றீர்களே, அன்றைக்கு எனக்குக் கோபம். இன்றைக்கு என் கழுத்தை வலம் இடம் திருப்பும் ஒவ்வொரு தடவையும் உங்களை நினைக்கிறேன். நான் பருத்தித் துணியில் உள்ளறை வைத்துத் தைத்த பட்டியுறையைப் பார்த்து, "அக்கா, இதேபோல இன்னும் இரண்டு பேருக்குத் தைத்துத் தருவீர்களா?" என்று கேட்டதும் நீங்கள்தான். கனடாவிலிருந்து தழும்புக்கு வைக்கும் சிலிக்கோன் தாள்களை மாதா மாதம் அனுப்பிய என் பள்ளிச் சினேகிதிக்கு நான் தந்தது ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் இருக்கமாட்டோம் என்று சொன்ன பிள்ளைகளுக்கு நடுவில், அவள்தான் தன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாங்கில் இருந்தவள்.

இதைப் பற்றி டொக்டர் ஒரு கதை சொன்னார். முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த படையினருக்காக 1917-ல் இங்கிலாந்தில் சிட்கப் என்ற ஊரில் ஒரு ஆஸ்பத்திரி திறந்தார்கள். ஹரோல்ட் கிலீஸ் என்ற வைத்தியர் அங்கேதான் இந்தப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைத் துறையின் பல முறைகளை உருவாக்கினார். அந்த ஊர்த் தெருவில் சில வாங்குகளுக்கு நீல நிறம் பூசியிருந்தார்களாம். அங்கே இருப்பவர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்று ஊர்ச்சனத்துக்கு முன்கூட்டியே சொல்ல. எனக்கு அந்த வாங்குகளில் இருந்தவர்களை நினைத்து நித்திரை வரவில்லை. என் சினேகிதி வந்து இருந்தது அப்படியொரு வாங்கில்தான்.

நான் கண்டிராத இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். விஜய கொடகும்புர என்ற எங்கள் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர். குப்பி விளக்கால் எரிந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், சரியாத ஒரு விளக்கை உருவாக்கினார். மாமைற் போத்தல் போலக் கட்டையாக, பாரமாக, விழுந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகும் மூடியோடு. 1998-ல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. என் பாய்க்குப் பக்கத்தில் அப்படியொரு விளக்கு இருந்திருக்கலாம். எனக்கு அது பிந்திவிட்டது. ஆனால் அந்த விளக்கால் எரியாமல் தப்பிய பிள்ளைகள் எங்கேயோ இருக்கிறார்கள், அவர்களுக்குத் தாங்கள் தப்பியதே தெரியாது. அவர்களுக்கும் சேர்த்து நான் சொல்கிறேன்.

இரண்டாவது ஒப்பரேசன் 2024-ல், கழுத்தின் இரு கரைகளிலும் அந்த முக்கோணங்களும், கீழ்ச்சொண்டைத் தூக்கிவிட்டதும். சுகமாக முடிந்தது. இப்போது வாய் மூடும். "ப", "ம" சொன்னால் ப, ம என்றே கேட்கிறது. தழும்பு இருக்கிறது, இருக்கும். ஒட்டின தோல் கொஞ்சம் கறுப்பு. தைக்க வருகிறவர்கள் கேட்டால் சொல்கிறேன்.

அந்த வருடம் நல்லூர்த் தேருக்குப் போனோம். இருபத்துநான்காம் திருவிழா. சனத்துக்குள் நின்று தேரின் அடியிலிருந்து உச்சி வரை, நாரியை வளைக்காமல், கழுத்தால் மட்டும் பார்த்தேன். அம்மா தேரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா, உங்களுக்குத்தான் கடைசியாக. கிளினிக்கில் தலையணைக் கதை கேட்ட அன்றிலிருந்து நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. "நான்தான் என் பிள்ளையைக் குனியவைத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அந்த இயன்மருத்துவர் தம்பி உங்கள் முன்னால் குந்தியிருந்து, "அம்மா, அந்த நேரம் நீங்கள் அவவை நித்திரை கொள்ள வைத்தீர்கள். இல்லாவிட்டால் அவ இன்றைக்கு இங்கே இருக்கமாட்டா" என்றாரே, அதுதான் உண்மை. நான் சொன்னால் நீங்கள் கேட்கவில்லை, அவர் சொன்னதைக் கேட்டீர்கள். அதற்காகவும் அவருக்கு நன்றி.

பட்டி போடும் காலம் முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. தலையணை வைத்துப் படுக்கலாம் என்று டொக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் இரவில் நான் கண்ணயர்ந்த பிறகு அம்மா மெல்ல எழும்பி வந்து, என் தலைக்குக் கீழிருந்து அதை உருவி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

நன்றியுடன்,
கோண்டாவிலிலிருந்து,
உங்கள் தையல்கார அக்கா