அது இலைக் கதிர்குருவி இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நடுப்பக்கத்துல பச்சை இலைக் கதிர்குருவின்னு ஒரு போட்டோ போட்டிருந்தீங்கல்ல, அது பிளித் நாணல் கதிர்குருவிங்க. ரெண்டுமே வலசை வர்ற குருவி, ரெண்டுமே பூச்சி புழு திங்கிறது, சின்னூண்டு உருவம் வேற, அதனால யாருக்கும் குழம்பத்தான் செய்யும், நானும் மூணு வருஷம் நோட்டுல மாத்தி மாத்தித்தான் எழுதி வச்சிருந்தேன்.

அந்த போட்டோவையே இன்னொரு தடவ பாருங்க. முதுகு பூரா ஒரே மண்ணு கலரு, அலகு நல்லா நீளம், காலு கருஞ்சாம்பல். இலைக் கதிர்குருவின்னா முதுகுல பச்சை தெரியும், கண்ணுக்கு மேல வெளிர் புருவம் பிடரி வரைக்கும் இழுத்து விட்ட மாதிரி ஓடும், இதுக்கு கண்ணத் தாண்டுனதுமே மங்கிடுது. றெக்கையில வெள்ளக்கோடு இருக்கான்னு மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, இறகு தேஞ்சுட்டா இலைக் கதிர்குருவிக்கே அந்தக் கோடு காணாம போயிடும்.

சத்தத்த கேட்டா இவ்வளவு கஷ்டமே இல்லைங்க. எங்க வீட்டு மருதாணி வேலிக்குள்ள விடிகாலையில 'டக்... டக்'னு, நாக்க மேலண்ணத்துல தட்டுனா வருமே, அதே சத்தம், அது பிளித். மேல வேப்ப மரத்துல ஒரு இடத்துல நிக்காம இலைக்கு இலை தாவிக்கிட்டு 'ச்சிஸ்லீ'ன்னு கீச்சுக்குரல் குடுத்தா அது இலைக் கதிர்குருவி. ஒரு நாள் தண்ணி ஊத்தப் போனப்ப கை எட்டுற தூரத்துல பிளித் ஒரு பச்சப்புழுவக் கவ்விக்கிட்டு, கிளையில ரெண்டு அடி அடிச்சு முழுங்கிட்டு, வால லேசா விரிச்சு 'டக்'குன்னுட்டு உள்ள போயிடுச்சு, அன்னையிலருந்து எனக்கு சந்தேகமே வரல.

பேருல நாணல் இருக்கறதால எல்லாரும் ஏரிக்கரையில தேடுறாங்க, இங்க வந்தா அது புதரு, வேலி, தோட்டம்னுதான் சுத்தும். 1849ல இதுக்குப் பேரு வச்ச எட்வர்டு பிளித் கல்கத்தா ஆசியச் சங்க மியூசியத்துல வேல பாத்தவரு. பின்லாந்து, ரஷ்யா பக்கம் கூடு கட்டுற குருவி, 10, 12 கிராம்தான் இருக்கும், அது எங்க வேலியத் தேடி வருதுன்னா எனக்கு அவ்ளோ சந்தோஷம். எங்க தெருவுல முக்காவாசி வேலி காம்பவுண்டு சுவரா மாறிடுச்சு, மிச்சம் இருக்கறது நாலே வீட்டுலதான்.

இனிமே குருவி போட்டோ போட்டா அது எந்த மரத்துல, எவ்வளவு உயரத்துல இருந்துச்சு, என்ன சத்தம் போட்டுச்சுன்னு எடுத்தவங்ககிட்ட கேட்டு ரெண்டு வரி சேத்துப் போடுங்க. எங்க வேலிக்கு இந்த வருஷம் செப்டம்பர் 19ல வந்துச்சு, இன்னைக்குக் காலையிலயும் கேட்டேன்.

இப்படிக்கு,
ஒட்டன்சத்திரம் பக்கத்துலருந்து உங்க வாசகி