வீடு கிடைத்துவிட்டது

அன்பின் தோழிக்கு,

முதலில் நல்ல செய்தி. வீடு கிடைத்துவிட்டது, போன சனிக்கிழமை திறப்பு வாங்கினேன். மேல்மாடி, இரண்டு அறை, மாதம் 1,650 பவுண். பிள்ளைகள் இரண்டு பேரும் ஓர் அறையில்தான், பெரியவளுக்குக் கொஞ்சம் மனக்குறை, ஆனால் பள்ளிக்கூடம் மாறத் தேவையில்லை என்றதும் சமாதானமாகிவிட்டாள். நீ கனடாவிலிருந்து எத்தனை தடவை வாட்ஸ்அப்பில் கேட்டாய், ஒழுங்காகப் பதில் போடாததற்குக் கோபிக்காதே, அப்போது எழுத உட்கார்ந்திருந்தால் அழுகைதான் வந்திருக்கும்.

செப்டம்பர் கடைசியில் பழைய வீட்டுக்காரர் செக்‌ஷன் 21 நோட்டீஸ் தந்தார். காரணமே சொல்லாமல் இரண்டு மாத அவகாசத்தில் எழும்பச் சொல்லும் கடிதம் அது. வீட்டை விற்கப் போகிறாராம். ஒன்பது வருடம் இருந்த வீடு, என்னவர் காலமான அந்த வருடம்கூட வாடகை ஒரு நாள் பிந்தியதில்லை, உனக்கே தெரியும்.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். ஏஜென்சிக்குப் போன் எடுத்தால் முதல் கேள்வியே என்ன வேலை என்றுதான். கெயார் ஹோமில் வாரம் 24 மணித்தியாலம், மிச்சத்துக்கு அரசாங்கம் தரும் உதவிப்பணம் யூனிவர்சல் கிரெடிட் என்று சொல்லி முடிப்பதற்குள் குரல் மாறிவிடும். சிலர் கணக்குச் சொல்வார்கள்: மாத வாடகையின் 30 மடங்கு வருடச் சம்பளம் வேண்டுமாம். 1,700 பவுண் வீட்டுக்கு 51,000. எனக்கு 16,000கூட வராது. சரி, பிணை நிற்க ஆள் தருகிறேன் என்றால் அவருக்கு 36 மடங்கு, 61,200. அப்படிச் சம்பளம் எடுக்கிற ஆளை நான் எங்கே தேடுவேன்? மற்றவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், "வீட்டுக்காரருக்கு விருப்பமில்லை."

முந்தி நாங்கள் வந்த புதிதில் விளம்பரத்திலேயே "நோ டிஎஸ்எஸ்" என்று போடுவார்கள், பெனிபிட், அதாவது அரசாங்க உதவிப்பணம், எடுப்பவர் வேண்டாம் என்று அர்த்தம், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெயரில் இருந்த சமூகப் பாதுகாப்புத் திணைக்களம் 2001இலேயே இல்லாமல் போய்விட்டது, சொல் மட்டும் போகவில்லை. 2020 ஜூலையில் யோர்க் கவுண்டி நீதிமன்றம், பெனிபிட் எடுப்பவர் என்பதற்காக ஒருவரை ஒட்டுமொத்தமாகத் தள்ளுவது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. பெனிபிட் எடுப்பவர்களில் பெண்களும் உடல் இயலாதவர்களும் அதிகம் என்பதால் அது 2010 சமத்துவச் சட்டத்துக்கு எதிரான மறைமுகப் பாகுபாடு என்பதுதான் காரணம். நான் அதை எழுதி ஒரு ஏஜென்சிக்கு மெயில் போட்டேன். உடனே வீடு பார்க்க நேரம் தந்தார்கள், பார்க்கப் போவதற்கு முதல் நாள் இரவு வீடு போய்விட்டது என்று செய்தி வந்தது. உண்மையாகவே போயிருக்கலாம். நான் எப்படி நிரூபிப்பது?

காசுக் கணக்கு வேறு. வாடகைக்கு அரசாங்கம் தரும் உச்ச அளவு இருக்கிறதே, ஓர் ஏரியாவில் வாடகைக்குப் போன 100 வீட்டை வாடகைப்படி அடுக்கினால் கீழிருந்து முப்பதாவது வீட்டின் வாடகை மட்டும்தான் அது. அதையும் 2024 ஏப்ரலில் கூட்டியதோடு விட்டுவிட்டார்கள். வாடகை ஏறிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு வீட்டுக்கும் துண்டு விழுகிறது. உள்ளூர்க் கவுன்சிலுக்குப் போனால், வெளியேற்ற நீதிமன்றம் அனுப்பும் பெய்லிஃப் வரும்வரை அங்கேயே இருங்கள் என்றார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படியடி இருப்பது? ஆனால் ஓர் உதவி செய்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமென்ட் என்ற வாடகை உதவிக்கு விண்ணப்பித்தேன், ஐந்து கிழமை டெப்பொசிட் 1,903 பவுணும் அதிலிருந்து வந்தது.

வீடு கிடைத்தது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில். வாசலில் நின்ற ஓர் அம்மாவிடம் என் கதையைச் சொல்ல, தன்னுடைய வீடு ஒன்றரை மாதமாகக் காலியாகக் கிடக்கிறது என்றார். ஒன்பது வருட பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கொண்டுபோய்க் காட்டினேன், பாதி பார்க்கும்போதே போதும் என்று மூடிவிட்டார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. பெனிபிட் ஆட்கள் வேண்டாம் என்று அவர் ஏஜென்சியிடம் ஒருநாளும் சொல்லவில்லையாம். அவர்களாகவே வடிகட்டியிருக்கிறார்கள், அவர் பெயரில்.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். நீ வாடகைக்கு விட்ட குரொய்டன் வீடும் ஏஜென்சியிடம்தானே இருக்கிறது? யூனிவர்சல் கிரெடிட் என்று சொல்லி வருபவர்களிடம் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு தடவை கேள். புதிய வாடகைச் சட்டப்படி 2026 மே 1இலிருந்து இங்கிலாந்தில் பெனிபிட் எடுப்பவர் என்று தள்ளுவதற்கு நேரடித் தடை, செக்‌ஷன் 21உம் அன்றோடு போகிறது. ஆனால் நீ சட்டத்துக்காகக் காத்திருக்காதே. வாடகை வராமல் போகுமோ என்று பயமிருந்தால், இரண்டு மாதம் நிலுவை விழுந்தால் யூனிவர்சல் கிரெடிட்டில் வரும் வாடகைக் காசை நேரே உனக்கு அனுப்பும்படி வீட்டுக்காரியான நீயே விண்ணப்பிக்கலாம், அதற்கு வழி இருக்கிறது. ஆளைப் பார், பழைய வாடகை ஒழுங்காகக் கட்டினாரா என்று பார், பிறகு வேண்டாமென்றால் சொல். பார்க்காமலே சொல்ல விடாதே.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. புது முகவரியை வாட்ஸ்அப்பில் போடுகிறேன். கோடையில் வந்தால் இங்கேதான் தங்க வேண்டும், ஹோலில் பாய் விரித்துப் படுக்கலாம், ஹொஸ்டலில் படுத்தது மாதிரி.

அன்புடன்,
உன் பழைய தோழி