தலைக்காயத்துக்குப் பின் வரும் தூக்கக் கோளாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

தலையில் அடிபட்டவர் இரவில் புரள்வதையும் பகலில் தூங்கி வழிவதையும் சோம்பல் என்று வீட்டார் கடிந்துகொள்வது வேதனை. தூக்கத்தை முறைப்படுத்தும் மூளைப் பகுதிகளே பாதிக்கப்பட்டிருக்கலாம். முதல் சில நாள் கூடுதலாகத் தூங்குவது இயல்புதான்.

அதன்பிறகு, முதலில் சீராக்க வேண்டியது எழும் நேரத்தை. படுக்கும் நேரத்தை அல்ல. இரவு எப்படிக் கழிந்தாலும் தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்து, அரைமணி நேரம் காலை வெளிச்சத்தில் இருக்க வேண்டும். பகல் தூக்கம் 3 மணிக்கு முன், 30 நிமிடத்துக்குள். காபியின் வேகத்தில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரமாகும். நண்பகலுக்குப் பின் வேண்டாம். 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். படுத்தபடியே போராடினால், படுக்கையைக் கண்டாலே விழித்துக்கொள்ள மூளை பழகிவிடும்.

தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்குவது எங்களை மிகவும் கவலைப்படுத்துகிறது. பல மாத்திரைகள் நினைவாற்றலை மந்தமாக்கும், தடுமாறி விழவும் வைக்கும். மீண்டும் தலையில் அடிபட்டால் ஆபத்து.

மனம் சோரும்போது, அடிபடுவதற்கு முந்தைய நாளோடு ஒப்பிடாதீர்கள், போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். தினமும் எழுதும் தூக்கக் குறிப்பு அதற்குக் கைகொடுக்கும். மனச்சோர்வு 2 வாரம் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே மருத்துவமனை.

இப்படிக்கு,
மறுவாழ்வு சிகிச்சைப் பணியாளர்கள்