பெரிய கண்மாயை எண்ணி மாவட்டக் கணக்கு சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு முடிந்ததும், மதுரை மாவட்டத்தில் இத்தனை பறவைகள் என்று செய்தி வருகிறது. எண்ணிய கண்மாய்களுக்கு அந்தத் தொகை சரி. எண்ணாத கண்மாய்களுக்கும் சேர்த்து அதை விரிக்கும்போதுதான் கணக்கு கெடுகிறது.

கற்பனை எண்களை வைத்தே பார்க்கலாம். ஒரு வட்டாரத்தில் பெரிய கண்மாய் 20, சின்னது 180. இருக்கும் ஆட்களைக் கொண்டு 20 கண்மாய்தான் பார்க்க முடியும். பெரியதில் 15, சின்னதில் 5 பார்க்கிறோம். பெரியதில் சராசரி 400 பறவை, சின்னதில் 30. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்து 200-ஆல் பெருக்கினால் 61,500. பெரியது, சின்னது என்று பிரிவுவாரியாகப் பெருக்கிக் (20 × 400, 180 × 30) கூட்டினால் 8,000 + 5,400 = 13,400. அதே களப்பணிதான், விடை நாலரை மடங்கு வீங்கிவிட்டது.

பெரிய கண்மாய்களுக்கு அதிக ஆள் போனது தவறல்ல. கண்மாய்க்குக் கண்மாய் எண்ணிக்கை எங்கே அதிகம் ஏறி இறங்குகிறதோ அங்கே கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்பது புள்ளியியலாளர் நெய்மன் 1934-லேயே காட்டிய விதி. ஆனால் ஒவ்வொரு பிரிவின் சராசரியையும் அந்தப் பிரிவில் உள்ள மொத்தக் கண்மாய்களால் பெருக்கிய பிறகே கூட்ட வேண்டும். இந்தப் படிதான் விட்டுப்போகிறது.

பிரிப்பதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட கண்மாய்கள் நீர்வளத் துறைப் பட்டியலிலும், சிறியவை ஊராட்சி ஒன்றியப் பட்டியலிலும் இருக்கின்றன. மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் பெறுபவை, திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மழையை நம்பியவை என்று மேலும் இரண்டாகப் பிரித்தால் நான்கு பிரிவு. "பறவை நிறைய வரும் கண்மாய்" என்று ஒரு பிரிவு மட்டும் வேண்டாம்; விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வி எழுதுவது போலாகும். பிரிவுக்குள் குலுக்கல் போட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு இரண்டு கண்மாய்க்குக் குறைந்தால், விடை எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற பிழை அளவையே கணக்கிட முடியாது. நாலைந்து இருந்தால் நல்லது.

குலுக்கலில் வந்த கண்மாய் வறண்டு கிடந்தால் பூஜ்யம் என்று எழுதுங்கள். ஆர்வத்தில் பக்கத்துக் கண்மாய்க்குப் போய் எண்ணி அதன் இடத்தில் சேர்ப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. வறண்ட கண்மாய்கள் கணக்கிலிருந்து நழுவ, சராசரி தானாக ஏறிவிடும். அதேபோல, மழைக் கண்மாய் என்று பிரித்த ஒன்றில் அன்றைக்குக் கால்வாய்த் தண்ணீர் நின்றாலும் அதைப் பழைய பிரிவிலேயே வையுங்கள்.

அரிவாள்மூக்கன் கூட்டம் ஒரே நாளில் இரண்டு மூன்று கண்மாய்களில் தலைகாட்டும். அருகருகே உள்ளவற்றை ஒரே காலையில், ஒரே நேரத்தில் எண்ணுவதே வழி.

கண்மாய்க்குள் கருவேலமரம் அடர்ந்திருந்தால் பிரிவு பிரித்தும் பயனில்லை. வக்கா இலைக்குள் ஒளிந்திருக்கும். கூடுகளையாவது இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்காமல் குறிக்கலாம். ஒருவர் 40, மற்றவர் 36, இருவரும் கண்டவை 30 என்றால், முதலாமவரின் 40-இல் முக்கால் பங்கு மற்றவர் கண்ணிலும் பட்டிருக்கிறது; அவருடைய 36-உம் மொத்தத்தில் முக்கால் பங்கு என்று கொண்டால் 40 × 36 ÷ 30, அதாவது ஏறக்குறைய 48 கூடுகள்.

இனி முடிவை வெளியிடும்போது மொத்த எண்ணோடு, ஒவ்வொரு பிரிவிலும் உள்ள கண்மாய் எத்தனை, எண்ணியது எத்தனை, பிழை எல்லை எவ்வளவு என்பதையும் அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பறவைக் கணக்கெடுப்புத் தன்னார்வலர்கள்,
மேலூர்.