மூன்று நிமிடத்தில் அடங்காதது: எங்கள் கல்லூரி அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வரும் செவ்வாய்க்கிழமை மாலை நீங்கள் கூடப்போகும் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். மாணவர் பத்திரிகையின் அச்சுப் பதிப்பை நிறுத்துவது, இணையப் பதிப்பைக் கல்லூரியின் மக்கள் தொடர்பு அலுவலகத்தின் பொறுப்பில் விடுவது என்று அதில் ஒரு வரி இருக்கிறது. கூட்டத்தின் நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது கலிபோர்னியாவின் பிரவுன் சட்டம். 1953-இல் வந்த சட்டம் அது. அது இல்லாவிட்டால் இந்த விஷயம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும்.

கூட்டத்தில் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தருவீர்கள். வந்து பேசுவேன். ஆனால் சொல்ல வேண்டியது மூன்று நிமிடத்தில் அடங்காது. அதனால் முழுவதையும் முதலில் எனக்குக் கைவந்த மொழியில் எழுதிவிடுகிறேன். ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வரும். தமிழில் எழுத இன்னொரு காரணமும் உண்டு. உங்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர்களில் இந்தப் பகுதியின் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. கோடை விடுமுறையில் கணக்கு வகுப்பு, கம்ப்யூட்டர் வகுப்பு என்று பிள்ளைகளை இந்தக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். ஆனால் வாக்குச்சீட்டில் உங்கள் பதவிக்கான பகுதி வரும்போது, இது எதற்கு என்று தெரியாமல் தாண்டிவிடுகிறவர்கள் எங்களில் அதிகம். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

கணவரின் வேலைக்காக 2013-இல் இங்கே வந்தேன். வேலைக்கு வந்தவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இருந்தவர்கள் அப்போது வேலை பார்க்க முடியாது, படிக்கலாம். 2015 மே மாதம் விதி மாறி எங்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது. அப்போது எனக்கு அந்தத் தகுதி இல்லை. மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், 2016-இல், மாலை நேர அக்கவுண்டிங் வகுப்பில் சேர்ந்தேன். பாடத்தின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள், ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். எங்கள் கல்லூரியைப் போன்ற, இந்த மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ்கள் (இரண்டு வருஷப் பொதுக் கல்லூரிகள்) எல்லாவற்றிலும் மாநிலவாசிகளுக்கு அதே கட்டணம்தான். முப்பத்து நாலு வயதில் மறுபடி புத்தகப் பையை மாட்டிக்கொண்டு போன ஒருத்திக்கு, அந்தக் கதவை இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்திருக்கும் நாட்டின் மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

ஆனால் முதல் செமஸ்டர் முழுக்க நான் அங்கே யாரிடமும் பேசவில்லை. எங்கள் கல்லூரியில் விடுதி கிடையாது. வருவார்கள், பார்க்கிங்கில் இடம் தேடுவார்கள், வகுப்பு முடியும், போய்விடுவார்கள். காலை எட்டு மணி வகுப்புக்கு வருகிறவர் இரவு ஷிப்ட் முடித்துக் கண் சிவந்து நேராக வருகிறவராக இருப்பார். இரவு ஏழு மணி வகுப்புக்கு வருகிறவர் குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவார். இருவரும் ஒரே நாற்காலியில் உட்காருவார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆசிரியர்களும் அப்படித்தான். பகுதி நேர ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஓடுகிறார்கள். என் அக்கவுண்டிங் ஆசிரியைக்குக் காரின் டிக்கிதான் அலுவலகம். திருத்திய விடைத்தாள்களை ஒருமுறை பார்க்கிங்கில் வைத்துத்தான் கொடுத்தார்.

இப்படி யாரும் தங்காத இடத்தில், அங்கே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் எனக்குத் தென்பட்டது. கேன்டீன் வாசலில் ஒரு இரும்பு ஸ்டாண்ட், அதில் இலவசமாக எடுத்துக்கொள்ளும் பத்திரிகை. எட்டுப் பக்கம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். உணவு வங்கி எந்தக் கட்டடத்தில், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அதில்தான் பார்த்தேன். வெல்டிங் பிரிவில் படிக்கும் ஒரு பாட்டியைப் பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சிலரைப் பார்க்க எத்தனை வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதனால் யு.சி.க்கு (கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு) டிரான்ஸ்ஃபர் விண்ணப்பிக்கிறவர்கள் எப்படித் தவிக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை. பேஸ்பால் அணி தோற்ற செய்தி, தோற்ற காரணத்தோடு.

எனக்கு அது புதுசு. நான் திருநெல்வேலியில் ஒரு மகளிர் கல்லூரியில் படித்தவள். அங்கே நாங்கள் அறிந்த ஒரே கல்லூரிப் பத்திரிகை ஆண்டு மலர். வழவழப்பான தாளில் முதலில் தாளாளர் படம், அடுத்து முதல்வர் படம், வாழ்த்துரைகள், நாட்டு நலப்பணித் திட்டத்தின் மரம் நடும் புகைப்படம், கடைசியில் எங்கள் கவிதைகள். என் கவிதையும் ஒன்று வந்தது. அம்மா அதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். அந்த மலரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே வருஷம் விடுதியில் இரண்டு மாதம் தண்ணீர் சரியாக வரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினோம். மலரில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது, இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. நிர்வாகம் செலவு செய்து நிர்வாகமே வெளியிடுவது அப்படித்தான் இருக்கும்.

மக்கள் தொடர்பு அலுவலகத்திடம் பத்திரிகையைக் கொடுக்கிறோம் என்கிறீர்களே, நீங்கள் கேட்பது அந்த ஆண்டு மலரைத்தான். அந்த அலுவலகத்தில் இருப்பவர்கள் நல்லவர்கள். கல்லூரியின் பெயரை உயர்த்திப் பேசுவது அவர்கள் வேலை, அதைச் சரியாகவே செய்கிறார்கள். தண்ணீர் வரவில்லை என்று எழுதுவது அவர்கள் வேலையில் வராது.

பஸ் விஷயத்தைச் சொல்கிறேன். என் வகுப்பு முடிவது இரவு 9:50. கல்லூரி வாசலிலிருந்து கடைசி பஸ் 9:42-க்கு. அப்போது எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தினமும் 9:35-க்குப் பையை மூடிக்கொண்டு எழுந்து போவேன். தேர்வுக்கு எதைப் படிக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்வது எப்போதும் அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான். ஒருநாள் பத்திரிகை அலுவலகத்தில் ஒரு விளம்பரம் கொடுக்கப் போனவள், பேச்சுவாக்கில் இதைப் புலம்பிவிட்டேன். அங்கே இருந்த ஆலோசகர், அவரும் பகுதி நேர ஆசிரியர்தான், கேட்டார்: "உங்களைப் போல எத்தனை பேர்?" நிறையப் பேர் என்றேன். "நிறையப் பேர் என்று அச்சில் போட முடியாது. எண்ணிக்கொண்டு வாருங்கள்."

எண்ணினேன். நான்கு இரவுகள், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மகளின் ரூல்டு நோட்டுடன் நிறுத்தத்தில் நின்றேன். 9:42 பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவர்கள் ஒரு பத்தியில், பஸ் போன பிறகு வந்து நின்றவர்கள் இன்னொரு பத்தியில். முதல் இரவு 11 பேர். இரண்டாம் இரவு 14. மூன்றாம் இரவு மழை, 6. பஸ் போய்விட்டதைப் பார்த்ததும் ஒரு பையன் எதுவும் பேசாமல் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நாலு மைல் என்றான், ஏதோ அடுத்த தெரு என்பது போல. அந்த நாலு மைல்தான் செய்தியின் முதல் வரி ஆனது. என் ஆங்கிலத்தை இரண்டு பேர் உட்கார்ந்து திருத்தினார்கள். முதல் பக்கத்தின் கீழ்ப்பாதியில் வந்தது. மாணவர் மன்றம் அதை வெட்டி எடுத்துக்கொண்டு பஸ் நிறுவனத்தின் கூட்டத்துக்குப் போனது. அடுத்த செமஸ்டர் கால அட்டவணையில் கடைசி பஸ் 10:05.

செய்தியால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். மன்றத்துப் பிள்ளைகள் அலைந்தார்கள், பஸ் நிறுவனத்திலும் காது கொடுத்துக் கேட்கிற ஒருவர் இருந்தார். ஆனால் எண்ணிக்கை இல்லாமல் அவர்கள் எதைக் கொண்டு போயிருப்பார்கள்? அப்புறம் மூன்று செமஸ்டர் அந்த அறையிலேயே கிடந்தேன்.

அங்கே செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். நர்சிங் மாணவி ஒருத்தியைப் பற்றி எழுதும்போது அவளுடைய வியட்நாமியப் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். சண்டை போடவில்லை. "பாட்டிக்கு அனுப்ப ஐந்து பிரதி எடுத்து வைத்திருந்தேன், இப்போது அனுப்பலாமா என்று தெரியவில்லை" என்றாள். என் அப்பா பெயரையே என் பெயர் என்று நினைத்து இந்த நாட்டில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பெயர் தப்பானால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அடுத்த இதழின் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் போட்டோம். ஐந்து பிரதியையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு பெயரை ஆளிடமே எழுதி வாங்காமல் ஒரு செய்தியும் நான் கொடுத்ததில்லை. இந்தப் பழக்கத்தை எந்த வகுப்பும் எனக்குக் கற்றுத் தந்திருக்காது.

பத்திரிகை கல்லூரியின் பெயரைக் கெடுக்கிறது என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். மற்ற கல்லூரிகளில் நடந்ததைப் பாருங்கள். சாண்டா மோனிகா கல்லூரியில் 2012 ஏப்ரல் 3 அன்று, சில வகுப்புகளுக்குக் கூடுதல் கட்டணம் வைக்கும் திட்டத்தை எதிர்த்து அறங்காவலர் கூட்ட அறைக்குள் நுழைய முயன்ற மாணவர்கள் மேல் மிளகுத் தூள் ஸ்பிரே அடிக்கப்பட்டது. நாடு முழுக்க ஊடகங்கள் அங்கே வந்தன, போயின. அங்கேயே இருந்து தொடர்ந்து எழுத வேண்டியது மாணவர் பத்திரிகையின் பொறுப்பு. சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜின் அங்கீகாரம் பறிபோகும் என்று 2013-இல் அறிவிப்பு வந்தபோது, எடுத்த யூனிட்டுகள் செல்லுமா செல்லாதா என்று மாணவர்கள் கலங்கினார்கள். அங்கீகாரம் உறுதியானது 2017 ஜனவரியில். நடுவே ஓடிய வருஷங்களில் அந்தக் கல்லூரியில் 1935-இலிருந்து வரும் கார்ட்ஸ்மன் என்ற மாணவர் பத்திரிகை இருந்தது. வதந்தியை எதிர்க்க ஒரு நிர்வாகத்துக்கு, தன் கையில் இல்லாத ஒரு பத்திரிகைதான் உதவும். நிர்வாகத்தின் கையில் இருப்பதை அந்த மாதிரி நேரத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். 2000-இல் இல்லினாய் மாநிலத்தின் கவர்னர்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், தான் பார்க்காமல் மாணவர் பத்திரிகையை அச்சடிக்கக் கூடாது என்று ஒரு டீன் அச்சகத்துக்கே போன் செய்தார். வழக்கு நடந்து 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டீனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அது நம் மாநிலத்துக்கும் வந்துவிடக் கூடாது என்றுதான் அடுத்த வருஷமே கலிபோர்னியா சட்டமன்றம், கல்லூரிப் பத்திரிகைகளை வெளிவரும் முன் தணிக்கை செய்வதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. இலவசப் பத்திரிகையின் 25 பிரதிகளுக்கு மேல், பிறர் படிக்க விடாமல் செய்யும் நோக்கத்தோடு அள்ளிப் போவதையும் அதே வருஷம் குற்றமாக்கியது. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றி வைத்ததை, பட்ஜெட்டில் ஒரு வரியால் மாற்றிவிடுவது சரியில்லை.

பணம் இல்லை என்பது எனக்கும் புரிகிறது. காகித விலையும் அச்சுக்கூலியும் ஏறிவிட்டன, இளைய மாணவர்கள் போனில்தான் படிக்கிறார்கள். சரி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவதை மாதம் ஒருமுறை ஆக்குங்கள். எட்டுப் பக்கத்தை நாலாக்குங்கள். ஸ்டாண்டுகளில் பாதியை எடுத்துவிடுங்கள். கேன்டீன் வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் இருப்பதை மட்டும் விட்டுவையுங்கள், அங்கேதான் தேடாமலே கண்ணில் படும். இதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. இதைப் பற்றி ஆசிரியர் குழுவில் இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீர்களா? நான் விசாரித்தவரை யாரும் கேட்கவில்லை. நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத்தான் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இணையப் பதிப்பை மக்கள் தொடர்பு அலுவலகத்துக்கு மாற்றும் பகுதியை மட்டும் நிரலிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அச்சுச் செலவைப் பற்றிய முடிவை ஒரு செமஸ்டர் தள்ளிவையுங்கள். அதற்குள் பத்திரிகை ஆசிரியரையும் ஆலோசகரையும் உட்கார வைத்து, என்ன செலவாகிறது, எதைக் குறைக்கலாம் என்று கணக்குப் பாருங்கள். அக்கவுண்டிங் படித்தவள் நான். வேண்டுமானால் அந்தக் கணக்கைப் போட்டுத்தர நானும் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை, பஸ் செய்தி வந்த அந்தப் பழைய இதழைக் கையில் கொண்டு வருவேன். கூட்டம் நீண்டுபோனாலும் பரவாயில்லை, இருந்து பேசிவிட்டுத்தான் போவேன். கடைசி பஸ் 10:05-க்கு இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவி, மாணவர் பத்திரிகையின் முன்னாள் செய்தியாளர்